அத்தை அமைதியாகிவிட்டார், ஆனால் நடக்க முடியவில்லை

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மாமியாருக்கு 79 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி மூன்றும் பல வருடங்களாக உண்டு. மூன்று வருடத்துக்கு முன் நரம்பியல் மருத்துவர் அல்சைமர் என்று சொல்லி, டோனெபெசில் 5 மில்லிகிராம் தொடங்கினார். இந்தத் தை மாதம் அது 10 மில்லிகிராம் ஆனது. மாசியில் சிறுநீரை அடக்க முடியாமல் போகவே, யூராலஜி மருத்துவர் ஆக்சிபியூட்டினின் எழுதினார். சித்திரையில் குழப்பம் கூடியது. இரவில் கத்தல், அடிக்க வருதல், "என் சங்கிலியை நீதான் எடுத்தே" என்று மருமகள் மேல் பழி. வைகாசிக் கடைசியில் மனநல மருத்துவர் ரிஸ்பெரிடோன் தொடங்கி, நாளுக்கு 2 மில்லிகிராம் வரை உயர்த்தினார். கத்தல் குறைந்தது. ஆனால் உடம்பு விறைத்து, எச்சில் ஒழுகி, காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார். ஆடியில் குளியலறையில் விழுந்தார். விறைப்புக்காக டிரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரையும் சேர்ந்தது. மோசமான இரவுகளுக்கென்று மெடிக்கல் ஷாப்பில் அல்பிரசோலம் வாங்கி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுக்கிறார்கள். சர்க்கரைக்குக் காலையும் இரவும் மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு சேர்ந்த மாத்திரை. அப்புறம் அம்லோடிபின், ஆஸ்பிரின்.

"அத்தை மாத்திரையைத் துப்புகிறார். அதனால் எல்லாவற்றையும் பொடி செய்து தயிர்சாதத்தில் கலந்து கொடுக்கிறேன். பாதி நாள் அதையும் சாப்பிடுவதில்லை. சென்னையில் இருக்கும் கொழுந்தனார், 'மயக்க மருந்து கொடுத்து அம்மாவைப் படுக்க வைத்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் நிறுத்துங்கள்' என்கிறார். நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமோ என்று கணவர் பயப்படுகிறார். நான் செய்வது தப்பா? அமெரிக்காவில் புதிதாக வந்திருக்கும் ஊசி இவருக்குப் பயன்படுமா?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரைகளின் பெயரோடு அவை தொடங்கிய மாதத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய உதவி. அந்த மாதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், சித்திரையில் நோய் திடீரென்று முற்றிவிட்டது என்று நீங்கள் நினைப்பதற்கு வேறொரு விளக்கம் தெரிகிறது. அதற்கு முன், இன்று இரவே செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது.

முதலில் இரவுச் சர்க்கரை

கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இரண்டு மணிக்கு எழுந்து கத்தும்போது நைட்டி நனைகிற அளவுக்கு வியர்த்திருக்கும், கை நடுங்கும்." கோபத்தால் வியர்க்கிறது என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்த வரி இதுதான். கிளிமெபிரைடு மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இரவு தயிர்சாதத்தைப் பாதியில் தள்ளிவிட்டுப் படுக்கும் 79 வயதுக்காரருக்கு நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து போவது எளிது. தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், பயம், முரட்டுத்தனம் எல்லாம் வரும். மறதி நோயாளியால் "படபடன்னு வருது" என்று சொல்லத் தெரியாது, கத்தத்தான் தெரியும்.

அடுத்த முறை அப்படி எழுந்தால் வீட்டில் இருக்கும் குளுக்கோமீட்டரில் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, அவர் நன்றாக விழுங்குகிறார் என்றால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். தேறியதும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் அன்றைக்கு அந்தச் சர்க்கரை மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். மறுநாளே சர்க்கரை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.4 என்று மகிழ்ச்சியாக எழுதியிருந்தீர்கள். 50 வயதுக்காரருக்கு அது நல்ல எண். மறதி நோயோடு இருக்கும் இந்த வயதுக்காரருக்கு, அதுவும் இந்த வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு, அது மிக இறுக்கமான கட்டுப்பாடு. 8-ஐ ஒட்டி இருந்தாலே போதும். கிளிமெபிரைடைக் குறைக்கலாமா, தாழ்சர்க்கரை வராத வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள்.

ஒன்றின் பக்கவிளைவுக்கு இன்னொன்று

இனி மாதங்களுக்கு வருகிறேன். டோனெபெசில், மூளையில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கூட்டித் தருகிற மருந்து. நினைவுக்குக் கொஞ்சம் உதவும். அதே பொருள் சிறுநீர்ப்பையையும் முடுக்கும். அதனால் அளவைக் கூட்டிய சில வாரங்களில் அடக்க முடியாத சிறுநீர் வருவது தெரிந்த பக்கவிளைவு. உங்கள் வீட்டில் தையில் அளவு கூடியது, மாசியில் படுக்கை நனைந்தது.

அதற்குக் கொடுத்த ஆக்சிபியூட்டினின், அதே அசிடைல்கோலினைத் தடுக்கிற மருந்து. காலையில் ஒரு மாத்திரையால் கூட்டுகிறோம், மாலையில் இன்னொன்றால் தடுக்கிறோம். தடுப்பது சிறுநீர்ப்பையில் மட்டும் நடப்பதில்லை. மூளைக்குள்ளும் போய்க் குழப்பத்தைக் கூட்டும், மலச்சிக்கலைத் தரும், வாயை உலர்த்தும். சித்திரையில் நீங்கள் பார்த்த குழப்பத்தில் பெரும்பங்கு இதனுடையதாக இருக்கலாம்.

குழப்பத்துக்கு ரிஸ்பெரிடோன் வந்தது. அது விறைப்பையும் எச்சிலையும் இழுப்பு நடையையும் தந்தது. விறைப்புக்கு டிரைஹெக்சிபெனிடில் வந்தது. அதுவும் அசிடைல்கோலினைத் தடுக்கிற மருந்துதான். முதியவர்களைக் குழப்புவதில் ஆக்சிபியூட்டினினுக்குச் சளைத்ததில்லை. 1991-ல் அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ், வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். இன்றுவரை அது திருத்தப்பட்டு வருகிறது. 2023-லும் ஒரு திருத்தம் வந்தது. மறதி நோயாளிகளுக்குத் தவிர்க்கச் சொல்லி அதில் இருக்கும் மருந்து வகைகளில் ஆக்சிபியூட்டினின், டிரைஹெக்சிபெனிடில், அல்பிரசோலம் மூன்றும் அடங்கும். அரிப்புக்கும் சளிக்கும் சாதாரணமாக வாங்கும் ஏவில், சிபிஎம் மாத்திரைகளும் அப்படியே. அவற்றையும் அத்தைக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்று மருத்துவர்களும் தங்கள் முன்னால் இருந்த பிரச்சினைக்குச் சரியென்று பட்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள். மூன்று சீட்டையும் ஒருவர் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு கடிதத்தை வைத்து இதை நான் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. சிறுநீர்த் தொற்றும் அடக்க முடியாமையைத் தரும், குழப்பத்தையும் தரும். நோய் முற்றினாலும் அப்படி ஆகும். அதனால் சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் சோடியம், சிறுநீரகம், தைராய்டு, பி12 எல்லாம் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைவது அடிக்கடி நடக்கிறது. நாடித்துடிப்பையும் இசிஜியையும் பார்க்கச் சொல்லுங்கள். டோனெபெசில் சிலருக்கு இதயத் துடிப்பை மிகவும் மெதுவாக்கிவிடும். ஆடியில் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரிஸ்பெரிடோனை என்ன செய்வது

கொழுந்தனார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2005-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சுமார் 10 வாரக் காலத்தில், ரிஸ்பெரிடோன் போன்ற புதிய மனநோய் மருந்துகளைச் சாப்பிட்ட வயதான மறதி நோயாளிகளில் 4.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.6 சதவீதம் பேர். பக்கவாத ஆபத்தும் கூடுகிறது. 2008-ல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மனநோய் மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை வந்தது. பிரிட்டனில் அல்சைமர் நோயாளியின் தொடர்ந்த முரட்டுத்தனத்துக்கு ரிஸ்பெரிடோன் கொடுக்க அனுமதி உண்டு, ஆனால் 6 வாரம் வரைதான். உங்கள் அத்தை ஐந்தாவது மாதத்தில் இருக்கிறார்.

மற்றப் பாதியில் அவர் தவறுகிறார். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. டோனெபெசிலைச் சட்டென்று நிறுத்தினால் இருக்கிற நினைவும் வேகமாகச் சரியலாம். ரிஸ்பெரிடோனை நிறுத்துவதிலும் உங்கள் கணவரின் பயம் நியாயமானது. அந்த மருந்தில் குணம் தெரிந்த அல்சைமர் நோயாளிகளை வைத்து 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், நிறுத்தியவர்களில் 60 சதவீதம் பேருக்கு நான்கு மாதத்துக்குள் தொந்தரவு திரும்பியது. தொடர்ந்தவர்களிலும் 33 சதவீதம் பேருக்குத் திரும்பியது. நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் 40 சதவீதம் பேர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் குழப்பத்தைத் தூண்டியதாகச் சந்தேகப்படும் மருந்தையே எடுக்கப்போகிறோம். அதனால் அத்தை அந்த 40 சதவீதத்தில் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பது என் கணிப்பு.

நான் உங்கள் மருத்துவராக இருந்தால் போகும் வரிசை இது. முதலில் ஆக்சிபியூட்டினினை நிறுத்துவேன். டோனெபெசிலைப் பழையபடி 5-க்கு இறக்குவேன். மலச்சிக்கலைச் சரிசெய்வேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்கு அழைத்துப் போகச் சொல்வேன். அதற்குப் பிறகும் சிறுநீர் அடங்கவில்லை என்றால், மூளையைக் குழப்பாத மிராபெக்ரான் போன்ற மருந்தை ரத்த அழுத்தம் பார்த்து யோசிக்கலாம். இரண்டு மூன்று வாரம் நிலை பார்த்துவிட்டு, ரிஸ்பெரிடோனைச் சிறிது சிறிதாகக் குறைப்பேன். அது குறையக் குறைய விறைப்பும் குறையும், டிரைஹெக்சிபெனிடிலையும் படிப்படியாக எடுத்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும். தொந்தரவு திரும்பினால், அந்தக் குடும்பத்துக்கு வேறு வழியில்லை என்றால், மிகக் குறைந்த அளவில் மறுபடி கொடுப்பதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் எந்தத் தொந்தரவுக்கு, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி வரை என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

இந்தக் குறைப்பு எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். மருத்துவர் கையில் நடக்க வேண்டியது. அவரிடம் போகும் முன் நீங்கள் யோசித்துப் பார்த்து, அவரிடம் சொல்ல வேண்டிய விஷயமும் ஒன்று உண்டு. அத்தைக்கு விறைப்பு ரிஸ்பெரிடோனுக்கு முன்பே கொஞ்சம் இருந்ததா? இல்லாத குழந்தைகள், மனிதர்கள் தெளிவாகத் தெரிவதாகச் சொல்வாரா? தூக்கத்தில் கை காலை வீசுவாரா? இப்படியெல்லாம் இருந்தால் லூயி பாடி என்ற வேறு வகை மறதி நோயாக இருக்கலாம். அவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மிகக் கடுமையாகப் பாதிக்கும்.

அல்பிரசோலத்தை விடுங்கள். முரட்டுத்தனத்துக்கு அது மருந்தே இல்லை. குழப்பத்தைக் கூட்டி, விழவைத்து, இடுப்பெலும்பை உடைக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துவது சுலபம். தினமும் கொடுத்திருந்தால் மெல்லத்தான் குறைக்க வேண்டியிருக்கும். சீட்டில்லாமல் அதை விற்பதே சட்டவிரோதம். எச்1 அட்டவணையில் வரும் மருந்து அது. கடைக்காரர் சீட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

அமைதி என்றால் நலம் என்று அர்த்தமில்லை

ரிஸ்பெரிடோனுக்குப் பிறகு "அத்தை சத்தமில்லாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்" என்று நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். பல மாத இரவுகளுக்குப் பிறகு அந்த நிம்மதி வருவது இயல்பு. ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அளவுகோல் வேறு. பேரன் வந்தால் முகத்தைப் பார்க்கிறாரா, தானாக வாயில் சோறு எடுத்து வைக்கிறாரா, எழுந்து நடக்கிறாரா என்று பாருங்கள். கத்தலோடு இவையும் போயிருந்தால் அளவு கூடிவிட்டது.

கத்தலுக்கு வலியும் காரணமாக இருக்கலாம். குளிப்பாட்டத் தூக்கும்போதுதான் அதிகம் அடிக்கிறார் என்கிறீர்கள். முழங்கால் வலிக்கிறதோ? நார்வேயில் முதியோர் இல்லங்களில் 352 மறதி நோயாளிகளை வைத்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. வலிக்கு முறையாக மருந்து கொடுத்ததிலேயே முரட்டுத்தனம் குறைந்தது. பெரும்பாலானவர்களுக்குப் பாராசிட்டமாலே போதுமானதாக இருந்தது. குளிக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கண்புரை, காது மந்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாயங்காலம் இருட்டும் முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள்.

சங்கிலி விஷயம் உங்களை மிகவும் காயப்படுத்தியிருப்பது எழுத்திலேயே தெரிகிறது. கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் மேல்தான் இந்தப் பழி விழும். வைத்த இடம் மறந்துபோகிறது, மறந்ததும் மறந்துபோகிறது, யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மூளை முடிவு கட்டுகிறது. வாதாடாதீர்கள். "தேடலாம் அத்தை, வாங்க" என்று கூடவே பீரோவைத் திறந்து தேடுங்கள். இந்தப் பழிச்சொல்லுக்கும், "எங்க வீட்டுக்குப் போகணும்" என்ற நச்சரிப்புக்கும், சும்மா அங்குமிங்கும் நடப்பதற்கும் மாத்திரை பெரும்பாலும் உதவுவதில்லை. இவற்றுக்காக யாராவது அளவைக் கூட்டினால் ஏன் என்று கேளுங்கள்.

தயிர்சாதத்தில் கலப்பது

நீங்கள் செய்தது கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் இப்படியே தொடரக் கூடாது, இரண்டு காரணத்துக்காக. மெட்ஃபார்மின் சேர்ந்த உங்கள் சர்க்கரை மாத்திரையின் அட்டையில் எஸ்ஆர் என்றிருக்கிறதா பாருங்கள். அது நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை, பொடித்தால் மருந்து மொத்தமாக இறங்கிவிடும். இரண்டாவது, மருந்துக் கசப்பு ஏறிய சோற்றை அவர் தள்ளிவிடுகிறார், அதனால் சாப்பாடே குறைகிறது. பாதிச் சோற்றில் எந்த மருந்து எவ்வளவு உள்ளே போனது என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அவர் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்.

முதலில் மாத்திரைகளின் எண்ணிக்கை குறையட்டும். எட்டு நான்காக ஆனாலே துப்புவது குறையும். சில மருந்துகள் சிரப்பாகக் கிடைக்கும். டோனெபெசிலுக்குப் பதிலாக, தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் பட்டை இருக்கிறது. அத்தைக்குக் காலை வேளையில் தெளிவு இருக்கிறது என்றீர்கள். அந்த நேரத்தில் மாத்திரையைக் கையில் கொடுத்து, எதற்கென்று ஒரு வரியில் சொல்லுங்கள். என்ன மருந்து, எதற்கு, பக்கவிளைவு என்ன என்பதைப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமையை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தருகிறது. மறைத்துக் கொடுத்தே ஆகவேண்டிய மருந்து ஏதாவது மிச்சமிருந்தால், அது எது என்பதை மருத்துவரும் உங்கள் கணவரும் கொழுந்தனாரும் தெரிந்து ஒப்புக்கொள்ளட்டும். அந்தச் சுமை உங்கள் ஒருவர் தலையில் இருக்க வேண்டாம்.

புதிய ஊசி பற்றிச் சுருக்கமாக. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப், நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். அவர்களுக்கும் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறதே தவிர, போன நினைவைத் திருப்பித் தராது. மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரக்கூடும் என்பதால் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். உங்கள் அத்தைக்கு அது பொருந்தாது. அதற்காக நிலத்தை விற்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல் விறைத்தால். எழுப்ப முடியாத தூக்கம் என்றால். வாய் கோணினால், ஒரு கை கால் விழுந்தால். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் அடிவயிறு உப்பினால். விழுந்து தலையில் அடிபட்டால். ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்பதால், தலையில் அடிபட்டு நன்றாகப் பேசினாலும் காட்டிவிட வேண்டும்.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று மருத்துவர்களில் ஒருவரைத் தேர்ந்து, "நீங்களே எல்லா மருந்தையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். உங்கள் மேல் எரிந்து விழாமல், நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிற மருத்துவராக இருக்கட்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். கொழுந்தனார் சென்னையில் இருப்பதால் கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையிலும் ஒருமுறை காட்டலாம். போகும்போது சீட்டுகளை மட்டும் எடுத்துப் போகாமல், வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், லேகியம், சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எனக்கு எழுதிய அந்த மாத வரிசையையும் ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். இரவுச் சர்க்கரை அளவுகளையும் அதில் சேருங்கள்.

கடைசியாக, உங்களைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி: "நான் தூங்கி ஆறு மாதம் ஆகிறது." மருந்தைக் குறைக்கும் வாரங்களில் இரவுகள் சில நாள் மோசமாகலாம். காலையில் வகுப்பெடுக்கப் போகும் நீங்கள் ஒருவராக அதைத் தாங்க முடியாது, தாங்கவும் கூடாது. அம்மாவின் மருந்து குறைய வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிற கொழுந்தனார், குறைப்பு தொடங்கும் தேதியைக் கேட்டுவிட்டு லீவு போட்டு வந்து தங்கட்டும். அவரும் உங்கள் கணவரும் இரவுகளைப் பிரித்துக்கொள்ளட்டும். அவரிடம் இந்தப் பதிலைக் காட்டி, தேதியை இப்போதே பேசி வையுங்கள். நடுவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ரிஸ்பெரிடோன் குறைந்து ஒரு மாதம் ஆனதும் அத்தையின் நடை எப்படி இருக்கிறதென்று எனக்கு எழுதுங்கள்.